நான் கொடுத்த டிவிடெண்டு

ஷேர் வாங்கி நட்டப்பட்டேன் என்று சொல்ல எனக்கு இப்போது கூச்சமில்லை. கூலிமில் எந்த ஒட்டுக்கடையில் உட்கார்ந்தாலும் அப்படி நாலு பேர் கிடைப்பார்கள். நான் இத்தனை வருஷம் வாய் திறக்காமல் இருந்தது வேறொரு காரியத்துக்காக. அதற்கு முன் கம்பெனி கதையைச் சொல்லியாக வேண்டும்.

அப்பா பாடாங் செராய் விக்டோரியா தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். எனக்கு 1996-இல் திறந்த கூலிம் ஹைடெக் பார்க்கில் டெக்னீஷியன் வேலை. அந்தத் திமிர் நிறையவே இருந்தது. 1982-இல் மலேசிய இந்தியர்களுக்கென்று மைக்கா ஹோல்டிங்ஸ் என்ற முதலீட்டுக் கம்பெனி தொடங்கியபோது தோட்டத்துச் சனங்கள் நகையை அடகு வைத்தும் பங்கு வாங்கினார்கள். ஏறக்குறைய 66,000 பேர், 106 மில்லியன் வெள்ளி. 1990-இல் டெலிகோம் மலேசியா பங்குகள் வெளியானபோது மைக்காவுக்கு ஒதுக்கிய 10 மில்லியனில் 1 மில்லியன்தான் அதன் கைக்கு வந்தது. அதையொட்டி நடந்த சண்டை நாடறிந்தது. “எதில் பணம் போடுகிறோம் என்று ஒரு தாளாவது படித்தீர்களா?” என்று பெரியவர்களைக் கேட்டுச் சிரித்தவன் நான்.

நான் படித்தேன். அதுதான் வேடிக்கை. 2005-இல் நான் பிடித்தது மெஸ்டாக் சந்தையில் இருந்த ஒரு சின்ன இணையத் தொலைபேசிக் கம்பெனி. (மெஸ்டாக்தான் 2009-இல் ஏஸ் மார்க்கெட் என்று பெயர் மாறியது. தொழில்நுட்பக் கம்பெனி என்றால் லாபக் கணக்குக் காட்டாமலே அதில் ஏற முடிந்தது.) ப்ராஸ்பெக்டஸை நைட் ஷிப்டில் முழுவதும் வாசித்தேன். தொழில் எளிமையானது. பேசுகிற குரலைத் துண்டு துண்டாக்கி இணையத்தில் அனுப்பி, அந்தப் பக்கம் இருக்கும் ஊரில் மறுபடி சாதாரண லைனில் இறக்கிவிடுவார்கள். இறக்கிவிட அந்த ஊர் டெலிபோன்காரனுக்குக் கூலி. வாடிக்கையாளர் தருவதற்கும் அந்தக் கூலிக்கும் நடுவே நிமிடத்துக்கு மிஞ்சும் சில காசுகள்தான் கம்பெனியின் பிழைப்பு.

இது புரிந்தவனுக்கு அடுத்ததும் புரிந்திருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் இருந்த தம்பியோடு நான் தினமும் ஸ்கைப்பில் பேசிக்கொண்டிருந்தேன். இரண்டு பக்கமும் கம்ப்யூட்டர், இறக்கிவிட ஆள் வேண்டாம், கூலி வேண்டாம், காசே வேண்டாம். எந்த இடைவெளியில் என் கம்பெனி பிழைத்ததோ அந்த இடைவெளியை ஸ்கைப் அடைத்துக்கொண்டிருந்தது. அதை ராத்திரி பத்து மணிக்கு ஓசியில் அனுபவித்துக்கொண்டே காலையில் ஷேர் விலை பார்ப்பேன். 2005 செப்டம்பரில் ஈபே 2.6 பில்லியன் டாலருக்கு ஸ்கைப்பை வாங்கிய செய்தி வந்தபோது நான் என்ன நினைத்தேன் தெரியுமா? இணைய போனுக்கு இவ்வளவு மதிப்பா, அப்படியானால் நம் கம்பெனியும் ஏறும் என்று. எதிரிக்கு யானை பலம் வந்ததை நமக்குச் சுபசகுனம் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொன்று. நாமக்கல் பக்கம் இருக்கும் மாமாவுக்கு மளிகைக் கடையில் வாங்கும் கார்டைச் சுரண்டிப் போன் போடுவேன். ஒருநாள் எடுத்த எடுப்பில், “எப்ப வந்தே மாப்ளே? சென்னை நம்பர் காட்டுது!” என்றார். நான் கூலிமில் இருந்துதான் பேசுகிறேன் என்றதும் இரண்டு பேரும் சிரித்தோம். வெளிநாட்டு இணைய அழைப்பை உள்ளூர் அழைப்பு போல லைனில் இறக்க இந்தியாவில் அனுமதி கிடையாது. 2002-இல் இணையத் தொலைபேசிக்குக் கதவு திறந்தபோதும் அந்த வழியைத் திறக்கவில்லை. மலிவான நிமிடங்களில் ஒரு பங்கு கள்ள வழியில் போகிறது என்பதை மாமாவின் போனே காட்டிக் கொடுத்தது. நேர்வழியில் போகிறவனுக்கு இந்த விலையில் என்ன மிஞ்சும் என்று நான் யோசிக்கவில்லை.

ஏனென்றால் ‘ஆசியா’ என்ற சொல் என்னை மயக்கி வைத்திருந்தது. மூன்று மாதத்துக்கு ஒரு புரிந்துணர்வு ஒப்பந்தம் வரும்: இந்தோனேசியா, வியட்நாம், சீனா. யாரையும் எதற்கும் கட்டாத காகிதம் அது. நானோ அந்த நாடுகளின் ஜனத்தொகையை எடுத்து, நூற்றில் ஒருவர் வந்தால் போதுமே என்று பெருக்கிப் பார்ப்பேன்.

இந்தப் பெருக்கல் கணக்கை அக்காவின் சமையலறை மேசையில்தான் போட்டுக் காட்டினேன். அக்கா தொழிற்சாலையில் ஆப்பரேட்டர். 50 வயது ஆனதும் ஊழியர் சேமநிதியான இ.பி.எப்.பில் ஒரு பங்கை எடுத்து, வீட்டின் பின்பக்கம் இழுத்துக் கட்ட வைத்திருந்தாள். 15,000 வெள்ளி. “உனக்குத் தெரியும்ல தம்பி?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். 2006 ஜனவரியில் 75 காசு விலையில் 20,000 பங்கு வாங்கினேன், என் பெயரில்.

அந்த மே மாதம் அமெரிக்காவில் வோனேஜ் என்ற பெரிய இணைய போன் கம்பெனி 17 டாலருக்குப் பங்கு வெளியிட்டு, முதல் நாளே 15-க்குக் கீழே விழுந்தது. 2007-இல் ஈபேயே ஸ்கைப் கணக்கில் 1.4 பில்லியன் டாலரைத் தள்ளுபடி செய்தது. என் கம்பெனிப் பங்கு ஐம்பது காசு, முப்பது, பன்னிரண்டு என்று இறங்கியது. சுங்கை பட்டாணியில் இருந்த ரிமிசியர் (பங்குத் தரகர்) விற்றுவிடச் சொன்னார். விற்றால் அக்காவிடம் சொல்ல வேண்டுமே!

இப்போது அந்தக் காரியம். 2006 நடுவில் அக்கா, “ஏதும் வருதா?” என்று கேட்டாள். அந்தக் கம்பெனி ஒரு காசு டிவிடெண்டு கொடுத்ததில்லை. நான் சம்பளத்திலிருந்து 300 வெள்ளி எடுத்து, கவரில் போட்டு, “டிவிடெண்டு வந்திருக்கு” என்று கொடுத்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு கவர், 2008 கடைசி வரை ஆறு கவர். வருஷத்துக்கு நான்கு விழுக்காடு. அந்த மூன்று வருஷமும் இ.பி.எப். கொடுத்தது 5.15, 5.80, 4.50. பொய்க்கணக்கு எழுதியும் இ.பி.எப்.பை என்னால் மிஞ்ச முடியவில்லை.

அக்கா கவரைச் சாமி படத்தின் முன் வைப்பாள். வேலையிடத்தில் பெருமையாகச் சொல்வாள். அப்படித்தான் அவள் லைனில் வேலை செய்த ஓர் அம்மா 5,000 வெள்ளியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பணத்தை நான் வாங்கவில்லை. அதைச் சொல்லி ரொம்ப நாள் என்னைத் தேற்றிக்கொண்டேன். ஆனால் “வேண்டாம்மா, அது செத்த கம்பெனி” என்று சொன்னேனா? “இப்ப விலை சரியில்லம்மா, பிறகு பாக்கலாம்” என்றேன். அந்த அம்மா மகன் கணக்கில் அவராகவே வாங்கிக்கொண்டார். 2009-இல் கம்பெனி நலிந்த நிறுவனங்களுக்கான ஜிஎன்3 பட்டியலில் விழுந்தது. கடைசியாக நான் பார்த்த விலை 5 காசு.

2012-இல் மகள் கல்யாணத்துக்கு அக்கா பணத்தைக் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன். அதே சமையலறை, மேலே அதே பழைய தகரக் கூரை, மழை வேறு. ரொம்ப நேரம் அரிசி புடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு, “அப்ப அந்த டிவிடெண்டு?” என்று கேட்டாள். பதில் சொன்னேன். அடுத்த வாரம் கணக்குப் பேச வந்தபோது, “நீ கொடுத்த 1,800-ஐக் கழிச்சுக்கோ” என்றாள். அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மீதி 13,200-ஐ மாதம் 300 வீதம் 44 மாதத்தில் கட்டி முடித்தேன்.

அந்த அம்மா வேலையை விட்டபின் மகனோடு ஜொகூருக்குப் போய்விட்டார். அவருடைய 5,000 வெள்ளி என் கணக்கில் எங்கும் இல்லை. கவரில் இருந்தது என் சம்பளப் பணம் என்று அவருக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை.