சடுகுடுவுக்கு இரண்டு சட்டம்

சென்னை மூர் மார்க்கெட் வளாகத்து ஸ்டேஷனில் கும்மிடிப்பூண்டி மின்சார வண்டியில் ஏறி, ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்துக்கொள்ளுங்கள். அத்திப்பட்டுப் பக்கத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கிகள் தெரியும். மீஞ்சூரைத் தாண்டினால் வயல்கள். பொன்னேரி, கவரைப்பேட்டை ஆனபிறகு வண்டி கடைசி ஸ்டேஷனில் போய் நின்றுவிடும். அப்புறம் சிப்காட்தான், இரும்பு உருக்கும் ஆலைகளும், லாரிகளும், ஷிப்டு முடிந்து சைக்கிளில் திரும்பும் தொழிலாளர் கூட்டமும்!

இங்கே சாயங்கால வேளையில் காதுக்கு இன்பமான சத்தம் ஒன்று உண்டு. ஆலைச் சங்கு அல்ல, பிள்ளைகள் மூச்சுப் பிடித்துப் பாடும் "கபடி... கபடி..." தான். ஆந்திர எல்லை கூப்பிடு தூரம். ஆகவே நம்முடைய சடுகுடு, பக்கத்து வீட்டுத் தெலுங்குப் பையனுக்குச் 'செடுகுடு'. வங்கத்துக்காரருக்கு 'ஹாடுடு'. மராட்டியருக்கு 'ஹுதுது'. பெயர் பலவானாலும் மண் ஒன்றுதான்!

ஆனால் சட்டம் ஒன்றல்ல. அங்கேதான் சங்கதி இருக்கிறது.

2014-ல் புரோ கபடி லீக் ஆரம்பித்தது. 2017-ல் 'தமிழ்த் தலைவாஸ்' அணியும் அதில் சேர்ந்தது. அன்றுமுதல் டெலிவிஷன் இல்லாத வீட்டுப் பிள்ளைக்குக்கூட அந்தச் சட்டம் மனப்பாடம். பாடிப் போகிறவருக்கு 30 விநாடி. இரண்டு முறை தொடர்ந்து வெறுங்கையோடு திரும்பினால், மூன்றாம் முறை 'வாழ்வா சாவா' ஆட்டம். புள்ளி எடுக்காவிட்டால் அவர் அவுட். மூன்று பேரோ அதற்குக் குறைவாகவோ மிஞ்சிய அணி எதிராளியை மடக்கிவிட்டால் ஒன்றுக்கு இரண்டு புள்ளி. சந்தேகம் வந்தால் படம் போட்டுப் பார்க்க இன்னொரு நடுவர். காலில் ஷூ, கீழே மெத்தை விரிப்பு.

நம் கிராமத்துச் சடுகுடுவில் கடிகாரம் ஏது? மூச்சுத்தானே கடிகாரம்! மூச்சு விட்டால் ஆட்டம் விட்டது.

பள்ளிக்கூட ஆட்டம் இந்த இரண்டுக்கும் நடுவே நிற்கிறது. அங்கே முதலில் பேசுவது வயதுச் சான்றிதழும் தராசும்தான். 14, 17, 19 வயதுக்குட்பட்டோர் என்று தனித்தனிப் பிரிவு. எடைக்கும் வரம்பு உண்டு. ஆண்கள் மைதானம் 13 மீட்டருக்கு 10 மீட்டர் என்றால், பெண்களுக்கு 12-க்கு 8. பெரிய ஆண்களுக்கு 20 நிமிடமாக இரண்டு பகுதி; பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் 15 நிமிடப் பகுதிகள் என்றே விதிப்புத்தகம் நெடுங்காலம் சொல்லிவந்தது. வளரும் எலும்புக்கு வளர்ந்தவரின் சட்டம் ஆகாது என்பதுதான் இதன் தாத்பரியம்.

"சட்டத்தில் ஒரு வரி வித்தியாசம் இருந்தால் குடியா முழுகிவிடும்?" என்று கேட்கிறீர்களா? முழுகத்தான் பார்த்தது! 2023 அக்டோபர் 7, சீனாவின் ஹாங்சோ நகரில் ஆசிய விளையாட்டு இறுதிப் பந்தயம். இந்தியாவும் ஈரானும் 28-க்கு 28. பாடிப் போன பவன் செஹ்ராவத் யாரையும் தொடாமலே ஓரத்து 'லாபி'யில் கால் வைத்துவிட்டார். அவரைத் துரத்திய ஈரானியரும் உள்ளே இறங்கிவிட்டார்கள். பழைய விதிப்படி, துரத்தி வந்தவர்களும் அவுட். புரோ கபடி பழக்கிய புதிய விதிப்படி, பாடிப் போனவர் மட்டுமே அவுட். எந்த விதி செல்லும்? ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆட்டம் நின்றுபோயிற்று! கடைசியில் பழைய விதியே நிலைத்தது. இந்தியா 33-29 என்று தங்கம் வென்றது.

பெரியவர்களுக்கே இந்தத் தடுமாற்றம் என்றால் பிள்ளைகள் பாடு என்ன? டெலிவிஷனில் பார்த்த மாதிரி கட்டாந்தரையில் பாய்ந்து கணுக்காலைப் பிடித்தால், மெத்தை செய்யும் உபகாரத்தை மண் செய்யாது.

பெண் குழந்தைகளுக்கு இந்தப் பள்ளிக்கூடச் சட்டம் இன்னும் முக்கியம். புரோ கபடியில் ஆடுபவை ஆண்கள் அணிகள். பெண்களுக்கென்று 2016-ல் மூன்று அணிகளோடு நடந்த பந்தயம் அந்த ஒரு வருஷத்தோடு நின்றது. ஆக, நம் பெண்ணுக்கு ராஜபாட்டை பள்ளி மைதானத்திலிருந்துதான் புறப்படுகிறது. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியப் பெண்கள் அணிக்குத் துணைத் தலைவி யார் தெரியுமோ? சென்னை கண்ணகி நகர்க் கார்த்திகா!

"பொம்பளப் புள்ள கை கால ஒடச்சிக்கிட்டா யாரு சார் பாக்கறது?" என்று கேட்கும் தாய்மார் கும்மிடிப்பூண்டியிலும் உண்டு, திருவள்ளூரிலும் உண்டு. நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டியிருக்க வேண்டும். வளையல், சங்கிலி கூடாது. உடம்பில் எண்ணெய் பூசக்கூடாது. பாடுகிறவரின் வாயைப் பொத்துவதும் கழுத்தை நெரிப்பதும் குற்றம்.

பெண்ணை மைதானத்துக்கு அனுப்புமுன் தாயார் இதை ஒருதரம் படித்துவிட்டால் போதும். "ஆடாதே" என்று சொல்லும் வாய், "சட்டப்படி ஆடு, கண்ணே!" என்று சொல்லும்.