இனிமை மட்டும் போதுமா?

மார்கழி பிறந்ததும் சென்னை நாளேடுகளில் கச்சேரி விமரிசனங்கள் இடம்பிடிக்கின்றன. அவற்றைத் தொடர்ந்து படிப்போருக்கு ஒன்று புலப்படும். பாடுபவர் ஆணாயின் 'வித்வத்து', 'கம்பீரம்', 'லய ஞானம்' என்னும் சொற்கள் முன்நிற்கும். பெண்ணாயின் 'தேன்குரல்', 'இனிமை', 'உருக்கம்' என்பன வரும். சில வேளைகளில் புடவையின் நிறமும் உடன்வரும். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மையாரின் பெயரால் ஒரு நீல நிறமே வழங்கலாயிற்று.

இனிமை இறைவன் தந்த கொடை. அதைப் புகழ்வதில் தவறில்லை. ஆயினும் குரல் பிறப்போடு வருவது. புலமையோ உழைப்பால் வருவது. முன்னதை மட்டுமே போற்றும்போது பின்னது மறைக்கப்படுகிறது.

மேடையில் இராகம் தானம் பல்லவி பாடுவது பெரும்பாலும் ஆண்களின் உடைமையாகக் கருதப்பட்ட காலத்தில் அதைத் துணிந்து பாடியவர் டி.கே. பட்டம்மாள். ஒரே வரியைத் தாளக் கட்டுக்குள் வெவ்வேறு காலங்களில் நிறுத்திக் காட்டும் கணக்கு அது. 'பல்லவி பட்டம்மாள்' என்று இரசிகர்கள் அழைத்தது அவர் கல்விக்குக் கிடைத்த பெயர். எனினும் 1928இல் தோன்றிய சென்னை மியூசிக் அகாதெமியின் சங்கீத கலாநிதி விருது, 1968இல்தான் முதன்முதலாக ஒரு பெண்ணுக்கு, எம்.எஸ். அவர்களுக்கு, வழங்கப்பட்டது. பட்டம்மாள் அதை 1970இல் பெற்றார்.

நாளேடுகளை மட்டும் குறைகூறி அமைவதற்கில்லை. பாடகர் பணி திருவழிபாட்டுப் பணி என்பதால் பெண்கள் பாடகர் குழுவில் இடம்பெறலாகாது என்று 1903இல் திருத்தந்தை பத்தாம் பயஸ் விதித்தார். 1955இல் பன்னிரண்டாம் பயஸ் சில நிபந்தனைகளோடு அதைத் தளர்த்தினார். சங்கத்திற்குப்பின், 1967இல் வெளிவந்த திருஇசை பற்றிய போதனை, பெண்கள் மட்டுமே அமைந்த குழுவையும் ஏற்றது.

லூக்கா நற்செய்தியில் அன்னை மரியா பாடிய பாடலை எண்ணிப் பாருங்கள். 'தேனாய் இனித்தது' என்று எழுதி அதை முடித்துவிட முடியுமா? சாமுவேலின் தாய் அன்னாவின் பாடலை உள்வாங்கி, மறைநூல் மரபில் தோய்ந்து, வலியோரின் வீழ்ச்சியையும் பசித்தோரின் நிறைவையும் முழங்கிய பாடல் அது. நாசரேத்துப் பெண்ணின் குரல் எத்தகையதென்று நற்செய்தியாளர் ஒரு சொல்லும் எழுதவில்லை. அவர் பாடிய பொருளையே நமக்குத் தந்தார்.

நம் பங்கு விழாச் செய்திகளை எழுதுவோர் இதை நினைவிற் கொள்ளலாம். 'சகோதரிகள் இனிமையாகப் பாடினர்' என்பதோடு நிறுத்தாமல், மெட்டமைத்தவர் யார், தாளம் தவறாமல் குழுவை நடத்தியவர் யார், பல வாரங்கள் பயிற்சி அளித்தவர் யார் என்பதையும் எழுதுவோம். உழைத்தவருக்கு அவருடைய உழைப்பின் பெயரால் நன்றி சொல்வது நீதியாகும்.