முந்நூறு சொற்கள்

ஓராண்டு உழைப்பை முந்நூறு சொற்களில் அடக்குவது எத்துணைக் கடினம் என்பதை, அதைச் செய்து பார்த்தவரே அறிவர். சென்னையில் நடைபெறவிருந்த காற்றாற்றல் மாநாடு ஒன்றுக்கு ஆராய்ச்சிச் சுருக்கம் அனுப்ப முனைந்தபோது நானும் அதை அறிந்தேன். நம் மன்றத்து நண்பர் பலரும் இன்றோ நாளையோ இப்பணியில் இறங்க வேண்டியவர்களே. ஆதலால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நான் பிறந்தது ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குக் கிழக்கே, காவல்கிணற்றுப் பக்கம். பத்து வயதில் தாராவிக்கு வந்தேன். ஊரில் எங்களை விரட்டிய அதே காற்றைத்தான் இன்று கலினா வளாகத்தில் கணினி முன் அமர்ந்து ஆராய்கிறேன்! மேற்குத் தொடர்ச்சி மலை அக்கணவாயில் தாழ்ந்து வழிவிடுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடைவெளியில் நெருக்கிப் புகும்போது அதன் விரைவு மிகுகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் தோப்புப்போல் நிற்பதற்குக் காரணம் இதுவே.

காற்றின் விரைவு இருமடங்கானால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். ஆகவே விரைவைப் பத்து விழுக்காடு மிகையாகக் கணித்துவிட்டால், ஆற்றலில் முப்பத்து மூன்று விழுக்காடு தவறிவிடும். நாளைக்கு எவ்வளவு மின்சாரம் கிடைக்கும் என்று இன்றே சொல்லியாக வேண்டிய தொழிலில் இது சிறு பிழையன்று. பெரு நிலப்பரப்புக்கென அமைந்த வானிலைக் கணிப்பு, ஒரு சிறு கணவாயின் போக்கைச் சரியாகக் காட்டுவதில்லை. அதைத் திருத்த ஒரு முறை வகுத்தேன். காற்றாலை உரிமையாளர் ஒருவர் அன்போடு தந்த ஒன்பது வார அளவுகளோடு ஒப்பிட்டபோது, பிழை ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

சுருக்கம் அனுப்பக் கடைசி நாள். இரவு பத்து மணி. தொண்ணூறடிச் சாலையை ஒட்டிய எங்கள் ஒற்றை அறையில் அம்மா மறுநாள் இட்லிக்கு மாவு ஆட்டி முடித்திருந்தார். மூன்று மணிக்கு அடுப்பு மூட்டியாக வேண்டும். ஐந்தரைக்கு அப்பா அண்டாவைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு மாதுங்காப் பக்கம் கிளம்பிவிடுவார். விளக்கை அணைக்க நான் விடாததால் அவருக்கும் உறக்கமில்லை.

“அப்படி என்னலே எழுதுத? எனக்கும் சொல்லேன்” என்றார்.

ஆங்கிலத்தில் எழுதியதைத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். ஆங்கிலத்தில் வழுக்கிக்கொண்டு ஓடிய வாக்கியங்கள் தமிழில் ஒவ்வொன்றாய் நின்று என்னைப் பார்த்தன. ‘ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆண்டு முழுவதும் பயன்படத்தக்க முறை’ என்ற இடத்துக்கு வந்ததும் அப்பா எழுந்து உட்கார்ந்தார்.

“எந்த மாசத்துக் காத்தை அளந்தாக?”

“ஆனி, ஆடி. ஆவணி பிறக்கும்வரை அப்பா.”

“ஐப்பசிக்கு மேல காத்து எதிர்த்தாப்புல இருந்துலா வரும்? அதுக்கும் உன் கணக்கு சரியா இருக்குமாலே?”

நான் விடை சொல்லவில்லை. வடகிழக்குப் பருவத்தில் காற்றின் திசை மாறும் என்பது எனக்குத் தெரியாததா? தேர்வில் கேட்டால் இரண்டு பக்கம் எழுதுவேன். தெரிந்திருந்தும் ‘ஆண்டு முழுவதும்’ என்று எழுதியிருந்தேன். ஏனென்றால் அது பெரிதாகத் தோன்றியது. மேடையில் பேச இடம் கிடைத்தால் ஆய்வுப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது உதவும் என்பதும் மனத்தில் இருந்தது. வழிகாட்டும் பேராசிரியர் முதற்படியைப் பார்த்தபோது அச்சொற்கள் அதில் இல்லை. பிறகு சேர்த்தவன் நானே.

மேசைமேல் நூலகத்திலிருந்து எடுத்து வந்த தடித்த நூல் கிடந்தது. இந்தியாவின் காற்றாற்றல் பற்றிய அளவுகளைத் தொகுத்து அன்னா மாணி அம்மையார் மூலேயுடன் சேர்ந்து 1983இல் வெளியிட்டது. முதுநிலைப் பட்டம் பெறவில்லை என்ற காரணத்தால் ஆய்வுப் பட்டம் மறுக்கப்பட்டவர் அவர். பிறகு வானிலைக் கருவிகளின் துல்லியத்துக்காகவே வாழ்நாளைச் செலவிட்டார். அந்நூலில் ஒவ்வோர் இடத்துக்கும் மாதவாரியாக எண்கள் இருக்கின்றன. அவற்றை நான் பலமுறை புரட்டியவன்தான். அன்றிரவு திறக்கத் துணிவு வரவில்லை.

தலைப்பில் ‘தென்மேற்குப் பருவத்தில்’ என்று சேர்த்தேன். ‘ஆண்டு முழுவதும்’ என்பதை அடித்துவிட்டு, ஒன்பது வார அளவுகளே ஆராயப்பட்டன என ஒரு வாக்கியம் எழுதினேன். சுருக்கம் முந்நூறிலிருந்து இருநூற்றெழுபதாய் இளைத்தது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் அனுப்பினேன். அப்போது அப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ஆறு வாரம் கழித்து விடை வந்தது. மேடையில் பேச இடமில்லை. ஒரு தாளில் அச்சிட்டு மண்டபத்தில் ஒட்டி, அருகில் நின்று விளக்கலாமாம். இரண்டு நாள் முகம் வாடித் திரிந்தேன் என்பதை மறைப்பானேன்?

“சினிமா போஸ்டர் மாதிரி ஒட்டுவாகளா? அப்ப உன் படமும் போடுவாகளோ?” என்று அம்மா கேட்டார்.

போடமாட்டார்கள் என்றேன். காற்றாலை உரிமையாளருக்கு மீண்டும் எழுதியிருக்கிறேன், ஐப்பசி முதல் தை வரையுள்ள அளவுகளைக் கேட்டு.