இரு வழங்கிகளும் ஓர் ஏடும்

எங்கள் துறையின் கோப்பு வழங்கி நின்றுபோன அன்று நான் யாப்பிலக்கண வகுப்பில் இருந்தேன். மாலைக்குள் விவரம் தெரிந்துவிட்டது: வன்தட்டு பழுது, மீட்க வழியில்லை. திருவள்ளூர் மாவட்டத்துச் சிற்றூர்களில் மாணவர்கள் மூன்றாண்டுகளாகப் பதிவுசெய்த நடவுப் பாட்டுகளும் ஒப்பாரிகளும் அதில் இருந்தன. வேறெங்கும் படியில்லை. பாடியவர்களுள் இருவர் இப்போது உயிரோடு இல்லை.

என் பழைய மாணவன் ஒருவன் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் கணினிப் பராமரிப்பில் இருக்கிறான். கள்ளிக்குப்பத்தில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருப்பவன். செய்தி கேட்டு, தன் நிறுவனம் கழித்த, ஒரே மாதிரியான இரண்டு வழங்கிகளையும் ஒரு தட்டுப்பெட்டியையும் முறைப்படி எழுதிக் கேட்டு வாங்கி வந்தான். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் என் முன்னறை இரைந்துகொண்டிருந்தது. (மின்கட்டணம் பற்றி வீட்டில் இன்னும் பேச்செடுக்கவில்லை.)

இரண்டு எந்திரங்களிலும் இயங்குதளம், அதன் திருத்தங்கள், கடிகாரம் எல்லாம் ஒன்றுபோல் இருக்க வேண்டுமாம். பயனர்களுக்கு ஒரு வலைப்பாதை. இவை தமக்குள் பேசிக்கொள்ள மற்றொன்று. நொடிக்கொருமுறை ஒன்று மற்றதற்கு 'இருக்கிறேன்' என்று சொல்லும். அதற்கு இதயத்துடிப்பு என்றே பெயர். விண்டோஸ் சர்வரின் 2012 பதிப்பில் ஐந்து துடிப்புகள் தவறினால் எந்திரம் வீழ்ந்ததாகக் கொள்வார்கள். 2016 பதிப்பில் அதைப் பத்தாக்கினார்கள். உடனே மற்றது பொறுப்பேற்கும். நாம் அணுகுவது இரண்டுக்கும் பொதுவான ஒரு பெயரையே ஆதலால், உள்ளே ஆள் மாறியது நமக்குத் தெரியாது.

எனக்குக் கொப்பம் நினைவுக்கு வந்தது. 11ஆம் நூற்றாண்டின் நடுவில் அப்போர்க்களத்தில் முதலாம் இராசாதிராசன் யானைமேல் இறந்துபட, தம்பி இரண்டாம் இராசேந்திரன் அங்கேயே முடிசூடிப் போரைத் தொடர்ந்தான். சொன்னேன்.

"அதேதான் ஐயா. ஆனா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல முடி சூடிக்கக் கூடாது" என்றான்.

இடையிலுள்ள கம்பி மட்டும் அறுந்தால், மற்றது இறந்ததென நம்பி இரண்டுமே ஒரே தட்டில் எழுதத் தலைப்படும், கோப்புகள் சிதையும். இதற்காக மூன்றாவது வாக்கு ஒன்று உண்டு. 'சாட்சி' என்கிறார்கள். பெரும்பான்மை கிட்டாத எந்திரம் தானே ஒதுங்கிவிடும்.

இரண்டாம் ஞாயிறு மாலை ஒரு பாட்டை ஒலிக்கவிட்டு முதல் வழங்கியின் மின்கம்பியைப் பிடுங்கினான். பாட்டு சற்றே தயங்கித் தொடர்ந்தது. "இனி எதுவும் போகாதல்லவா?" என்றேன்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. "ஐயா, எந்திரம்தான் ரெண்டு. தட்டுப்பெட்டி ஒண்ணுதான். யாராவது ஒரு கோப்பை அழிச்சிட்டா ரெண்டு வழியிலயும் அது இருக்காது. பெட்டியே போனா எல்லாம் போச்சு."

தமிழ் படித்த எனக்கு இதை ஒரு கணினிக்காரன் சொல்ல வேண்டியிருந்தது. ஓர் ஏட்டை வாசிக்க இரு புலவர்கள் இருந்தால் ஒருவர் களைத்தாலும் வாசிப்பு நிற்காது. ஏட்டையே செல்லரித்தால் இருவரும் சும்மா இருக்க வேண்டியதுதான். நம் பழைய நூல்கள் பிழைத்தது புது ஓலையில் படியெடுத்துக்கொண்டே இருந்ததால். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா.வுக்குக் கிடைத்தவையும் வெவ்வேறு ஊர்களில் தனித்தனியே காக்கப்பட்ட படிகள்தாம்.

வழங்கிகள் கல்லூரிக்குப் போய்விட்டன. வெள்ளிதோறும் ஒரு வெளித்தட்டில் படியெடுத்துக் கள்ளிக்குப்பத்துக்குக் கொண்டுவந்து அலமாரியில் வைக்கிறேன்.

சென்ற மாதம் அந்த ஊர்களுக்கு மீண்டும் போனோம். முன்பு பாடிய மூதாட்டி ஒருவர், பாதிதான் நினைவிருக்கிறது என்றார். அந்தப் பாதியைப் பதிந்து, பேருந்து வருமுன் இன்னொரு கைப்பேசிக்கும் அனுப்பிக்கொண்டோம்.