வைத்தியரிடம் அதையும் சொல்லுங்கள்

கியூபெக்கின் இல்-பிசாரில் இருந்து எழுதுகிறேன். "நித்திரை வருதில்லை" என்று வைத்தியரிடம் சொல்லுகிற நாங்கள், "சாகவேணும் போல இருக்கு" என்பதை மட்டும் விழுங்கிவிடுகிறோம். தம்பிமாரே, தங்கச்சிமாரே, அதையும் சொன்னால்தான் அவர் பொருத்தமான மருந்தைத் தெரிவுசெய்யலாம்.

மனச்சோர்வுக் குளிசைகள் வேலைசெய்யச் சில கிழமைகள் எடுக்கும். தொடக்கத்திலும் அளவு மாற்றும்போதும், முக்கியமாக இளவயதினருக்கு, சாகவேணும் என்ற எண்ணம் கூடலாம். கூடினால் அடுத்த சந்திப்புவரை காத்திராமல் உடனே வைத்தியரை அழையுங்கள். நீங்களாக மருந்தை நிறுத்தவேண்டாம். வீட்டில் மருந்து அதிகம் சேராமல் இருக்க, ஒவ்வொரு கிழமைக்கும் தேவையானதை மட்டும் தரும்படி மருந்தகத்தில் கேட்கலாம். பிரெஞ்சு தடுமாறினால் நம்பிக்கையான ஒருவரைக் கூட்டிப்போங்கள்.

கியூபெக்கில் 811ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல உதவிக்கு ஆள் கிடைக்கும். 2023 நவம்பர் 30 முதல் கனடா முழுதும் தற்கொலைத் தடுப்பு உதவிக்கு 988 இருக்கிறது. இரவும் பகலும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம். உயிருக்கு உடனடி ஆபத்தென்றால் 911. தயங்காதீர்கள். நீங்கள் எங்களுக்கு வேணும்.