கிணற்றின் அடியில் இருந்தவன்

தியானப் பகுதி: எரேமியா 38:6-13



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை விடியற்காலையில் உங்கள் போதகர் மிதிவண்டியில் வண்டலூர்ப் பக்கம் செல்வதைக் கண்டதாக உங்களில் சிலர் வியப்போடு சொன்னீர்கள். கண்டது மெய்தான். ஐம்பத்தாறு வயதில், இரவல் வாங்கிய மிதிவண்டியில், தாம்பரத்திலிருந்து கோவளத்துக்குச் சென்றேன். ஏன் சென்றேன் என்பதையும், என் இருதயத்தில் எதைச் சுமந்துகொண்டு சென்றேன் என்பதையும் இவ்வாரம் உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

என்னோடு வந்தவர் நம் சபையின் மறைந்த மூப்பர் ஒருவரின் மகன். அவருடைய சம்மதத்தோடே இதை எழுதுகிறேன். சிறுசேரியில் கணினித் துறையில் பணிபுரியும் அவர், அலுவல் நிமித்தமாகப் பிரான்சுக்கு அனுப்பப்பட்டிருந்தார். விடுமுறை நாட்களில் அந்நாட்டின் வடபகுதிக் கிராமங்களை மிதிவண்டியில் சுற்றிப் பார்த்தாராம். சமதரையான வயல்வெளிகள், அவற்றின் நடுவே முதல் உலகப் போரின் கல்லறைத் தோட்டங்கள். 1915 மார்ச்சில் இந்தியப் படையினர் போரிட்ட நியூவ் சாப்பெல் என்னும் சிற்றூருக்கும் சென்றிருக்கிறார். அங்கே 1927-ல் திறக்கப்பட்ட நினைவகத்தில், மேற்குப் போர்முனையில் மடிந்து, கல்லறை இன்னதென்று அறியப்படாத 4,700-க்கும் மேற்பட்ட இந்தியரின் பெயர்கள் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அந்தச் சுவரின் முன் நெடுநேரம் நின்றதாகச் சொன்னார்.

"ஐயா, அங்கே ஒவ்வொரு வயலுக்கும் ஒரு போர்க்கதை இருக்கிறது. நம் பக்கத்தில் அப்படி ஒன்றும் இல்லையா?" என்று ஓர் ஆராதனைக்குப் பின் என்னைக் கேட்டார்.

நந்தம்பாக்கத்தில் இரண்டாம் உலகப் போரில் இறந்த 856 பேரின் கல்லறைத் தோட்டம் இருப்பதை நினைவூட்டினேன். "அதற்கும் வெகு காலத்துக்கு முன்பே, பிரெஞ்சுக்காரர்கள் இங்கேயே வந்து போரிட்ட ஊர் ஒன்று நமக்கு அருகில் இருக்கிறது, தம்பி. ஒருநாள் போய்வருவோம்" என்றேன்.

அப்படிச் சொன்னதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2021-ஆம் ஆண்டு மே மாதத்தில், பெருந்தொற்றின் இரண்டாம் அலையில், அவருடைய தந்தையார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். அந்த அடக்க ஆராதனைக்கு நான் செல்லவில்லை. தொலைபேசியில் ஜெபித்தேன். அரசின் கட்டுப்பாடு என்று சொல்லிக்கொண்டேன். ஆனால் உண்மை என்னவெனில், நான் பயந்தேன். அதை அந்தக் குடும்பத்தாரிடம் ஒருநாளும் நான் அறிக்கையிடவில்லை. மிதிவண்டிப் பயணத்தில் அந்த மகனிடம் சொல்லிவிடலாம் என்று எண்ணினேன்.

வண்டலூரில் திரும்பி, கண்டிகை, மாம்பாக்கம், புதுப்பாக்கம் கடந்து கேளம்பாக்கம் சேர்வதற்குள் வெயில் ஏறிவிட்டது. அதற்கப்பால் கோவளம் செல்லும் சாலையில் இருபுறமும் உப்பளங்களும் கழிநீர்ப் பரப்பும் விரிகின்றன. மிதிவண்டியில் செல்பவன் மேட்டையும் எதிர்க்காற்றையும் தன் முழங்காலால் அறிகிறான். என் முழங்கால்கள் நன்றாகவே அறிந்தன.

கோவளத்தில், ஜான் டி மாண்ட் என்னும் வணிகர் 1808-ல் கட்டிய கர்மேல் அன்னை ஆலயத்தைப் பார்த்துவிட்டுக் கடற்கரைக்குச் சென்றோம். ஆர்க்காட்டு நவாபு அன்வருதீன் கட்டிய கோட்டை இங்கேதான் இருந்தது. அது நின்ற பகுதியில் இன்று உல்லாச விடுதி இருக்கிறது. மணலில் அமர்ந்து, அந்தக் கோட்டையின் கதையைத் தம்பிக்குச் சொன்னேன். உங்களுக்கும் சொல்லுகிறேன்.

1750-ல் ஒரு பிரெஞ்சுக் கப்பல் இக்கடலில் நங்கூரமிட்டு, ஆபத்தில் இருப்பதாக அடையாளம் காட்டியது. மாலுமிகளில் பெரும்பாலோர் ஸ்கர்வி நோயால் இறந்துவிட்டார்கள், எஞ்சியவர்களைக் கரையேற்றாவிட்டால் அவர்களும் மடிவார்கள் என்று கப்பலில் இருந்தவர்கள் சொன்னார்கள். கைநிறையப் பணம் கிடைக்கும் என்னும் ஆசையால் நவாபின் அதிகாரி இணங்கினான். மெலிந்து நோயுற்ற தோற்றமுடைய முப்பது பேர் கோட்டைக்குள் அனுமதிக்கப்பட்டார்கள். அவர்களுடைய ஆடைக்குள் ஆயுதங்கள் இருந்தன. அன்றிரவே அவர்கள் காவற்படையை மடக்கிக் கோட்டையைக் கைப்பற்றினார்கள். ராபர்ட் ஓர்ம் என்னும் வரலாற்றாசிரியர் இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

இரண்டு ஆண்டுகள் கழிந்தன. நவாபு பதவிக்காக ஆங்கிலேயர் முகமது அலியையும், பிரெஞ்சுக்காரர் சந்தா சாகிபையும் ஆதரித்து நடத்திய போர் அது. 1752-ல் சந்தா சாகிப் கொல்லப்பட்ட பின்னும் போர் ஓயவில்லை. கோவளத்தையும் செங்கல்பட்டையும் மீட்கும்படி ராபர்ட் கிளைவ் அனுப்பப்பட்டார். அவருக்குக் கிடைத்தவர்கள் புதிதாய்ச் சேர்க்கப்பட்ட ஐந்நூறு சிப்பாய்களும், அப்போதுதான் இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய ஏறத்தாழ இருநூறு பேரும். போர் இன்னதென்று அறியாதவர்கள். கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டு அவர்களில் ஒருவனைக் கொன்றதும், மற்ற அனைவரும் திரும்பி ஓடினார்களாம். இன்னொரு சமயம் பீரங்கி முழங்க, காவலுக்கு நின்ற ஒருவன் காணாமற்போனான். சில மணி நேரம் கழித்து அவனை ஒரு கிணற்றின் அடியில் கண்டுபிடித்தார்கள்.

இந்தக் கிணற்று நிகழ்ச்சியை மெக்காலே 1840-ல் எழுதிய கிளைவைப் பற்றிய கட்டுரையில் நகைப்புக்குரிய ஒன்றாகவே சொல்லுகிறார். இறையியல் மாணவனாயிருந்தபோது முதன்முதலில் அதை வாசித்து நானும் சிரித்தேன். 2021-க்குப் பின் என்னால் சிரிக்க முடியவில்லை.

இதைச் சொல்லி முடித்து, "தம்பி, உங்கள் அப்பாவின் அடக்கத்தன்று நானும் கிணற்றுக்குள்தான் இருந்தேன்" என்றேன்.

அவர் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஐயா, நானும் கல்லறைத் தோட்டத்துக்குள் போகவில்லை" என்றார். "பாதுகாப்பு உடை அணிந்த நான்கு பேர் அப்பாவை இறக்கினார்கள். நான் வாசலுக்கு வெளியே வண்டிக்குப் பின்னால் நின்றிருந்தேன். வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது என்று எல்லாரிடமும் சொன்னேன். அந்த நால்வரில் ஒருவருடைய பெயர்கூட எனக்குத் தெரியாது. பிரான்சில் அந்தச் சுவரின் முன் நின்றபோது அதைத்தான் நினைத்தேன்."

நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக ஒருவரையொருவர் ஞாயிறுதோறும் கண்டு, கைகுலுக்கி, நலம் விசாரித்திருக்கிறோம். இருவரும் ஒரே கிணற்றுக்குள் இருந்ததை இருவரும் அறியவில்லை.

பிரியமானவர்களே, அந்தக் காவலாளியின் கதையில் நான் இத்தனை ஆண்டுகள் கவனியாத ஒன்று உண்டு. அவன் கண்டுபிடிக்கப்பட்டான். ஆகவே யாரோ ஒருவன் கிணற்றுக்குள் எட்டிப் பார்த்திருக்கிறான். போரின் நடுவிலும் ஒருவன் குறைவதை உணர்ந்து, தேடி வந்திருக்கிறான். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டு ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனை அறிந்த நமக்கு இது புதிதன்று. ஆனால் நம் சபையில் குறைந்தவர்களை நாம் எண்ணினோமா?

ஓடிப்போனவர்களைக் கிளைவ் எப்படித் திருப்பினார்? குண்டுகள் பாயும் இடத்தில் தாமே முன்னின்று, அவர்களை வெட்கப்படுத்தினார். அவர்களும் படிப்படியாகப் போர்வீரராயினர். கோட்டை பணிந்தது, பின்னர் தகர்க்கப்பட்டது. அதை அறியாமல் செங்கல்பட்டிலிருந்து உதவிக்கு வந்த படையின் மீது அதே மனிதர்கள் மறைந்திருந்து சுட்டார்கள். முதல் வெடியிலேயே நூறு பேர் வீழ்ந்தனர், முந்நூறு பேர் பிடிபட்டனர் என்கிறார் மெக்காலே. வெட்கம் வலுவான கயிறுதான். அது மனிதனைக் கிணற்றிலிருந்து மேலே இழுத்துவிடும். ஆனால் அக்குளை அறுத்துவிடும். மேலே வந்தவன் எப்படிப்பட்டவனாய் வருகிறான் என்பது வேறு கேள்வி.

எரேமியா துரவின் சேற்றில் அமிழ்ந்திருந்தபோது நடந்ததை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அவர் பயந்து ஒளிந்தவரல்லர், தள்ளப்பட்டவர். எனினும் தம்மால் ஏறி வர இயலாதவர் என்பதில் அந்தக் காவலாளிக்கும் அவருக்கும் வேற்றுமை இல்லை. எத்தியோப்பியனாகிய எபெத்மெலேக்கு அரசனிடம் பரிந்து பேசி, முப்பது பேரை அழைத்துக்கொண்டு வந்தான். கோவளக் கோட்டைக்குள் நோயாளிகளாய் நடித்து நுழைந்தவர்களும் முப்பது பேர்தாம். ஒரே ஒரு மனிதனைத் தூக்கிவிட வந்தவர்களும் முப்பது பேர். எபெத்மெலேக்கு கயிற்றோடு பழந்துணிகளையும் இறக்கினான். கயிறு அறுக்காதபடி அவற்றை அக்குள்களில் வைத்துக்கொள்ளச் சொன்னான். தீர்க்கதரிசியைக் காப்பாற்றுகிற அவசரத்திலும், அவருடைய தோல் நோகுமே என்று நினைத்த அந்த மனிதனை என்னவென்று சொல்வது!

அந்தப் பழந்துணி எனக்கும் கிடைத்தது. 2021 ஜூலையில், அந்த மூப்பரின் துணைவியார் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். கணவரை இழந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. "ஐயா, சரியாகச் சாப்பிடுகிறீர்களா? ஜெபத்தில் உங்கள் குரல் சரியில்லையே" என்று கேட்டார். ஏன் வரவில்லை என்று ஒரு சொல்லும் கேட்கவில்லை. அந்த அழைப்புக்குப் பின்னரே நோயுற்றோர் வீடுகளுக்கு மீண்டும் செல்ல எனக்குப் பெலன் வந்தது.

அன்று கோவளத்திலிருந்து திருப்போரூர் வழியாகச் செங்கல்பட்டு வரை சென்றோம். அந்த நூறு பேரின் பெயரைச் சொல்லும் ஒரு கல்லும் வழியில் எங்கள் கண்ணில் படவில்லை. கொளவாய் ஏரிக்கரையில் என் கால்கள் முற்றிலும் மறுத்துவிட்டபடியால், மிதிவண்டிகளை ஒரு குட்டியானையில் ஏற்றித் தாம்பரம் திரும்பினோம். மறுவாரம் தம்பி தம் தந்தையை அடக்கம் செய்த அந்த நால்வரையும் விசாரித்துக் கண்டுபிடிக்கப் புறப்பட்டார். இருவர் கிடைத்திருக்கிறார்கள். மற்ற இருவரையும் தேடிக்கொண்டிருக்கிறார்.

அன்பானவர்களே, அந்தக் கொடிய நாட்களுக்குப் பின் ஆராதனைக்கு வராமல் நின்றுவிட்டவர்கள் நம் தெருக்களில் இருக்கிறார்கள். சிலர் வருத்தத்தால், சிலர் கோபத்தால், சிலர் என்னைப்போல வெட்கத்தால். இவ்வாரம் ஒருவருடைய பெயரை நினைவுக்குக் கொண்டுவாருங்கள். அவர் வீட்டுக்குச் செல்லுங்கள். ஏன் வரவில்லை என்று முதலில் கேட்காதீர்கள். சாப்பிட்டீர்களா என்று கேளுங்கள்.

ஜெபம்: பரம பிதாவே, நாங்கள் ஒளிந்திருந்த இடத்திலும் எங்களைத் தேடி வந்தீரே, உமக்கு ஸ்தோத்திரம். மற்றவர்களைத் தேடிச் செல்லும் கால்களையும், நோகாமல் தூக்கிவிடும் கைகளையும் எங்களுக்குத் தாரும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம். ஆமென்.