தஞ்சாவூர் குக்கரும் பினாங்கு ரயிலும்... ஊர் மாறும் ஒரு நாள்!

காலை ஏழு மணி. கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸ் பகுதியில் ஒரு வாடகை அறை. நடுவே இரண்டு பெட்டிகள் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கின்றன. தஞ்சாவூரிலிருந்து வந்திருக்கும் அந்தத் தம்பதிக்கு இன்று ஊர் மாறும் நாள். மூன்று லிட்டர் குக்கர் மட்டும் எந்தப் பெட்டியிலும் அடங்க மறுக்கிறது.

"இதை இங்கேயே விட்டுட்டுப் போயிடலாமே?" என்கிறார் கணவர்.

"தாராளமா. தினமும் நீங்க சாதம் வடிச்சுக் கொடுங்க!"

பேச்சு அத்தோடு முடிகிறது. குக்கர் பெட்டிக்குள் போகிறது. கணவரின் ஷூ வெளியே வருகிறது.

இது சுற்றுலா அல்ல, ஒத்திகை. கணவருக்கு எங்கிருந்தும் செய்யக்கூடிய மென்பொருள் வேலை. அப்படிப்பட்டவர்கள் மலேசியாவில் தங்கிப் பணியாற்ற, 2022 முதல் 'டிஇ ரந்தாவ்' என்ற பாஸ் வழங்கப்படுகிறது. விண்ணப்பிக்கும் முன் ஊரைப் பார்த்துவிடலாம் என்று விடுமுறை எடுத்து வந்திருக்கிறார்கள். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் விசா இல்லாமல் 30 நாள்கள் இங்கே இருக்கலாம். அதில் பாதி நாள்கள் கோலாலம்பூரில் கழிந்துவிட்டன. மீதி, பினாங்கில்.

மனைவி பள்ளி ஆசிரியை. வேலைக்குத் திரும்புகிறாரா, ராஜினாமாவா என்று இந்த வார இறுதிக்குள் தலைமையாசிரியைக்குச் சொல்லியாக வேண்டும். எழுதிய கடிதம் ஒரு வாரமாக போனிலேயே இருக்கிறது.

கே.எல். சென்ட்ரல் நிலையம் நடக்கிற தூரம்தான். அங்கிருந்து பட்டர்வொர்த்துக்கு இ.டி.எஸ். மின்சார ரயிலில் சுமார் நாலு மணி நேரம். எல்லாமே முன்பதிவு இருக்கைகள். விடுமுறை நாள்களில் டிக்கெட் சீக்கிரமே தீர்ந்துவிடும் என்பதால், முன்கூட்டியே எடுத்துவிட்டார்கள். உள்ளே ஏ.சி. குளிர் எலும்பு வரை போகிறது. சால்வையோ பெட்டிக்குள், குக்கருக்கு அடியில்!

ஈப்போ வருகிறது. சுண்ணாம்புக் குன்றுகள் திடீரென்று எழுந்து நிற்கின்றன. அப்போதுதான் மனைவிக்கு ஞாபகம் வருகிறது. "ஏங்க, குக்கர் கேஸ்கட்டைக் கழுவி சிங்க் பக்கத்துல மாட்டினேன். எடுத்தீங்களா?"

கணவர் ஜன்னல் வழியே குன்றுகளைப் பார்க்கிறார். வெகு கவனமாக.

அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன். இங்கே பதினொன்றரை, தஞ்சாவூரில் காலை ஒன்பது. அப்பா இறந்த பிறகு அம்மா தனியாகத்தான் இருக்கிறார்.

"சாப்பிட்டியாடி?"

"ஆச்சும்மா."

"அந்த ஊரு புடிச்சிருக்கா?"

"இன்னும் தெரியலம்மா."

"புடிச்சா இருங்க. என்னைப் பத்தி நெனைக்காத." கொஞ்சம் இடைவெளி விட்டு, "எப்ப வர்றீங்க?" என்கிறார்.

போனை வைத்த பிறகு வெகுநேரம் இருவரும் பேசவில்லை. ரயில் தைப்பிங்கைத் தொடுகிறது. மலாயாவின் முதல் ரயில் 1885-ல் இங்கிருந்துதான் போர்ட் வெல்டுக்கு ஓடியது. அந்தப் பாதையைப் போட்டதில் இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்களுக்குப் பெரும் பங்கு உண்டு. பின்னாளில் யாழ்ப்பாணத்துத் தமிழர்கள் பலர் மலாயா ரயில்வேயில் எழுத்தர்களாகவும் ஸ்டேஷன் மாஸ்டர்களாகவும் வந்தார்கள். அவர்களின் அம்மாக்களுக்கு மாதக்கணக்கில் காத்திருந்தால்தான் கடிதம். இன்று நினைத்தால் முகம் பார்த்துப் பேசலாம். ஆனாலும் கேள்வி மாறவில்லை: எப்ப வர்றே?

புக்கிட் மேரா ஏரியின் நடுவே ரயில் போகிறது. இரண்டு பக்கமும் தண்ணீர்.

"நீ ராஜினாமா பண்ணணும்னு நான் சொல்லவே இல்லையே" என்கிறார் கணவர் மெதுவாக.

"பண்ண வேண்டாம்னும் சொல்லலையே!"

பட்டர்வொர்த்தில் ரயிலை விட்டு இறங்கினால், பெட்டியை இழுத்துக்கொண்டே படகுத்துறைக்குப் போய்விடலாம். 1985 முதல் 13.5 கிலோமீட்டர் நீளப் பாலம் இருந்தாலும், ஜார்ஜ் டவுனுக்குப் படகில் போவதுதான் அழகு. காற்றில் உப்பு வாசம். பத்துப் பதினைந்து நிமிடங்களில் தீவு.

யுனெஸ்கோ 2008-ல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த நகரம் இது. சுற்றிப் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. ஆனால், இந்தத் தம்பதி முதலில் போனது லிட்டில் இந்தியாவில் ஒரு பாத்திரக் கடைக்கு.

"மூணு லிட்டரா, அஞ்சு லிட்டரா?" தமிழிலேயே கேட்கிறார் கடைக்காரர்.

"மூணு."

"புதுசா குடி வந்திருக்கீங்களா?"

கணவர் மனைவியைப் பார்க்கிறார். "பார்க்க வந்திருக்கோம்ண்ணே" என்கிறார் மனைவி.

அன்று இரவு, ராஜினாமா கடிதத்தை அழித்துவிட்டு வேறொன்று எழுதினார். சம்பளமில்லாத ஒரு வருட விடுப்பு கேட்டு. கிடைக்குமா என்பது பள்ளி நிர்வாகத்தின் கையில். கணவர் தன் பங்குக்கு அத்தையை அழைத்தார். "அத்தை, உங்க பாஸ்போர்ட் வேலையை ஆரம்பிக்கலாமா?"

"இந்த வயசுல எனக்கு எதுக்கு மாப்ள பாஸ்போர்ட்டு?" என்றவர், அடுத்த மூச்சில் கேட்டார்: "போட்டோவுக்குப் பட்டுப்புடவை கட்டணுமா?"

அடுப்பில் முதல் விசில் வந்தது.